மிசூரியின் டெக்சஸ் கவுண்டி: பழைய இறப்புப் பதிவுகளை எங்கே தேடுவது?

வாசகர் ஒருவர், 12 பிப்ரவரி 2023

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1910 முதலான இறப்புச் சான்றிதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரையும் கவுண்டியையும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) கொடுத்துத் தேடினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் ஒருவர் பெயர் இல்லையென்றால் அவர் அந்தக் கவுண்டியில் இறக்கவில்லை, அல்லது அந்த மரணம் பதிவாகவே இல்லை என்றுதான் பொருள். அதற்குப் பிறகும் நூலகம், நீதிமன்றம், கல்லறைத் தோட்டம் என்று அலைவதால் என்ன கிடைக்கப்போகிறது?

13 பிப்ரவரி 2023

கிடைக்கும். நான் இரண்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். என் கணவரின் குடும்பம் ஐந்து தலைமுறைகளாக ஓசார்க் மலைப்பகுதியில் உள்ள டெக்சஸ் கவுண்டியில் வாழ்ந்தது. எண்பத்து நான்கு வயதான என் மாமியார் தம் தந்தையின் அக்காவைப் பற்றி, அதாவது தாம் கண்ணால் பார்த்திராத அத்தையைப் பற்றி, அறிய விரும்புகிறார். அந்த அத்தை 1920-களில், இளம் வயதிலேயே இறந்துவிட்டார் என்பதும், நிமோனியா என்று வீட்டில் சொல்வார்கள் என்பதும் மட்டுமே அவருக்குத் தெரியும்.

நீங்கள் சொல்லும் தளம் மாநில ஆவணக்காப்பகத்துடையது. இறந்து ஐம்பது ஆண்டுகள் முடிந்த சான்றிதழ்களை மட்டுமே அங்கே வைக்கிறார்கள். ஆண்டுதோறும் ஓர் ஆண்டுக்கான ஏடு புதிதாகச் சேரும். அதற்குப் பிந்தையவற்றை மாநிலச் சுகாதாரத் துறையிடமோ உள்ளூர்ப் பொதுச் சுகாதார அலுவலகத்திடமோ விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும், அதுவும் நெருங்கிய உறவினராக இருந்தால்.

தொடங்குகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை ஒன்று. டெக்சஸ் கவுண்டியின் தலைநகர் பெயர் ஹூஸ்டன். இரண்டையும் சேர்த்துத் தேடுபொறியில் இட்டால் டெக்சஸ் மாநிலத்துப் பெருநகரின் இரங்கற்குறிப்புகள் ஆயிரக்கணக்கில் வந்து விழும். "மிசூரி" என்ற சொல்லைச் சேர்த்தாலும் முழுதாகத் தீராது. மிசூரியில் பிறந்து டெக்சஸில் இறந்தவர்களும் ஏராளம். ஆகவே ஊரின் பெயரை விட்டுவிட்டுச் சிற்றூர்களின் பெயரைக் கொடுங்கள்: கபூல், லிக்கிங், சம்மர்ஸ்வில், ரேமண்ட்வில். கவுண்டியையும் தேர்ந்தெடுத்துத் தேடலைச் சுருக்குங்கள்.

16 பிப்ரவரி 2023

1910-க்கு முந்தைய மரணங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மிசூரியில் 1883-இல் ஒரு சட்டம் வந்தது. பிறப்பையும் இறப்பையும் கவுண்டி எழுத்தரிடம் பதிய வேண்டும் என்றது. 1893-இல் அதை நீக்கிவிட்டார்கள். நடைமுறையில் இருந்த பத்து ஆண்டுகளிலும் மருத்துவர் வந்து பார்த்த மரணங்களே பெரும்பாலும் ஏறின. மலையிடுக்கில் இருக்கும் பண்ணையில் நள்ளிரவில் ஒரு குழந்தை இறந்தால் அதைப் பதிய யார் குதிரையேறிப் போயிருப்பார்கள்? ஏட்டில் இல்லாததால் அந்த மரணம் நிகழவில்லை என்று சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் 1850, 1860, 1870, 1880 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒரு தனிப் பட்டியல் உண்டு. ஜூன் 1-ஆம் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் வீட்டில் இறந்தவர் யார், எந்த மாதம், எதனால் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். பத்து ஆண்டுகளில் ஓர் ஆண்டின் மரணங்களே அதில் வரும். ஆனால் அந்த ஓர் ஆண்டில் விழுந்துவிட்டால், கல்லறைக் கல் இல்லாத ஒரு கைக்குழந்தைக்குக்கூடப் பெயரும் காரணமும் கிடைத்துவிடும்.

16 பிப்ரவரி 2023, இரவு

விடுபட்டது: சொத்து விட்டுச் சென்றவர் என்றால் உயில் நீதிமன்றக் கோப்பைப் பாருங்கள். அதில் இறந்த நாள் சில நேரம் நேரடியாகவே இருக்கும். இல்லையென்றாலும் சொத்துக்கு நிர்வாகியை நியமித்த நாள் இருக்கும். எதுவுமே இல்லாமல் இறந்தவர் என்றால் கவுண்டியின் செலவுக் கணக்கைப் பாருங்கள். ஆதரவற்றோருக்குச் சவப்பெட்டி வாங்கிய தொகையை அதில் எழுதியிருப்பார்கள். சவப்பெட்டி விற்றவர் பல ஊர்களில் மரச்சாமான் கடைக்காரராகவே இருந்தார். அவரது கடைப் பேரேடு எங்காவது பிழைத்திருந்தால் அது தனிப் புதையல். நடுவில் இருப்பவர்கள், அதாவது கோப்பு திறக்கும் அளவுக்குச் சொத்தும் இல்லாமல் ஊர்ப்பணத்தில் அடக்கமாகும் அளவுக்கு வறுமையும் இல்லாமல் இருந்தவர்கள், கண்ணில் படுவதுதான் கடினம். நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் அந்த வகையினரே.

27 பிப்ரவரி 2023

நான் 13-ஆம் தேதி எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழைதான் எங்களுக்கு ஓர் ஆண்டை வீணாக்கியது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கவுண்டியைத் தேர்ந்தெடுத்துத் தேடலைச் சுருக்கச் சொன்னேன். அப்படிச் செய்யாதீர்கள். சான்றிதழ் இறந்த இடத்தின் பேரில் பதிவாகிறதே தவிர வாழ்ந்த இடத்தின் பேரில் அல்ல. ஓசார்க் மக்கள் நோய் முற்றியபோது மகள் வீட்டுக்குப் போனார்கள். அந்த மகள் பக்கத்து ஹாவல் கவுண்டியிலோ ரைட் கவுண்டியிலோ இருந்திருப்பாள். மருத்துவமனை என்றால் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனார்கள். மனநோய் என்று சொல்லப்பட்டவர்களை ஃபுல்டன், செயின்ட் ஜோசப், நெவாடா, ஃபார்மிங்டன் ஆகிய ஊர்களில் இருந்த அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள்; அவற்றில் எதுவுமே டெக்சஸ் கவுண்டியின் அக்கம்பக்கத்தில் இல்லை. கவுண்டிக் கட்டத்தைக் காலியாக விட்டு, மாநிலம் முழுவதும் தேடி, வரும் பட்டியல் நீளமாக இருந்தாலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே சரியான வழி.

நாங்கள் செய்த இரண்டாம் பிழை பெயரில். மாமியார் தம் அத்தையின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் திருமணம் ஆகியிருந்ததா என்பதே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

விடை வேறொருவரின் இரங்கற்குறிப்பில் இருந்தது. அத்தையின் தந்தை, அதாவது மாமியாரின் தாத்தா, 1946-இல் இறந்தார். உள்ளூர் வார இதழில் அவருக்கு அரைப் பத்திக் குறிப்பு வந்திருந்தது. அதன் கடைசி வரிகளில், அவருக்கு முன்பே இறந்துபோன பிள்ளைகள் என்று ஒரு மகனையும், "மிசஸ்" என்று தொடங்கிக் கணவரின் முழுப்பெயரோடு ஒரு மகளையும் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த மகளின் சொந்தப் பெயர் எங்கும் இல்லை. ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டது அந்தக் கணவர் பெயர்தான். ஒருவரின் மரணம் கிடைக்கவில்லை என்றால், அவருக்குப் பின் இறந்த பெற்றோர், உடன்பிறந்தோர் அனைவரின் குறிப்புகளையும் படியுங்கள்.

2 மார்ச் 2023

சான்றிதழ் கிடைத்துவிட்டது. லாரன்ஸ் கவுண்டி, மவுன்ட் வெர்னன், 29 நவம்பர் 1927. வயது 24.

மவுன்ட் வெர்னனில் 1907 முதல் அரசின் காசநோய்க் காப்பகம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து நூறு மைலுக்கும் மேல். இறப்புக் காரணம் என்ற கட்டத்தில் மருத்துவர் நுரையீரல் காசநோய் என்று எழுதியிருக்கிறார். இறந்த இடத்தில் எவ்வளவு காலம் தங்கியிருந்தார் என்று கேட்கும் சிறிய கட்டம் ஒன்று அந்தப் படிவத்தில் உண்டு. பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அதில் ஏழு மாதம், பன்னிரண்டு நாள் என்று இருந்தது. நான் விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினேன். ஏப்ரல் நடுவில், காட்டில் டாக்வுட் மரங்கள் பூக்கும் நாட்களில், அவர் வீட்டை விட்டுப் போயிருக்கிறார்.

நிமோனியா என்று குடும்பம் சொல்லிவந்ததைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசநோய் இருந்த வீட்டோடு அன்று யாரும் சம்பந்தம் செய்ய மாட்டார்கள். மீதிப் பெண்களைக் கரையேற்ற வேண்டிய வீடு அது. என் பாட்டி வீட்டிலும் ஒரு சித்தப்பாவின் நோயை இப்படித்தான் வேறு பெயரிட்டுச் சொன்னார்கள். இரவு முழுவதும் யோசித்துவிட்டு மாமியாரிடம் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏழு மாதமா?" என்று மட்டும் கேட்டார்.

5 மார்ச் 2023

சான்றிதழில் உள்ள எல்லாமே ஒரே அளவு நம்பத்தக்கவை அல்ல. கீழே "தகவல் தந்தவர்" என்று ஒரு கையெழுத்து இருக்கும். அதை முதலில் பாருங்கள். இறந்த நாள், காரணம், அடக்கம் செய்த இடம் ஆகியவை மருத்துவரும் அடக்கத்தை நடத்தியவரும் எழுதியவை, அன்றே எழுதப்பட்டவை. பிறந்த நாள், பெற்றோர் பெயர், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் ஆகியவை தகவல் தந்தவரின் நினைவிலிருந்து வருபவை. மகனாக இருந்தால் ஓரளவு சரியாக இருக்கும். மருமகனாக இருந்தால், இறந்த மாமியாருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் சான்றிதழில் தகவல் தந்தவர் என்ற இடத்தில் காப்பகத்தின் பதிவேடு என்று எழுதி, தாய் பெயர் கட்டத்தில் தெரியாது என்று முடித்திருந்தார்கள். ஏழு மாதம் அங்கே கிடந்த பெண்ணிடம் அவளுடைய அம்மாவின் பெயரை ஒருவரும் கேட்டு எழுதவில்லை.

19 மார்ச் 2023

இரங்கற்குறிப்பு எங்கே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இப்போதுதான் கிடைத்தது.

மிசூரியின் பழைய செய்தித்தாள்களுக்குப் பெரிய களஞ்சியம் கொலம்பியா நகரில் உள்ள மாநில வரலாற்றுக் கழகம். 1898-இல் மிசூரி பத்திரிகையாளர் சங்கமே அதை நிறுவியது. ஆகவே சிற்றூர் வார இதழ்களையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பகுதி இணையத்தில் இருக்கிறது. இல்லாதவற்றை மைக்ரோஃபிலிம் சுருளாக உங்கள் ஊர் நூலகத்துக்கே வரவழைத்துப் பார்க்கலாம்.

இணையத்தில் இருப்பதையும் தேடல் பெட்டியை மட்டும் நம்பிப் பார்க்காதீர்கள். மை பரவிய பக்கங்களைக் கணினி படித்த அழகு அப்படி. குடும்பப்பெயரின் நடுவே ஓர் எழுத்து மாறினால் போதும், ஆள் மறைந்துவிடுவார். தேதி தெரிந்தபின் அந்த வாரத்து இதழையும் அடுத்த இரண்டு இதழ்களையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கண்ணால் படியுங்கள். எங்கள் வார இதழ் வியாழக்கிழமைகளில் வந்தது. அத்தை இறந்தது செவ்வாய்க்கிழமை. உடல் புதன் இரவு ரயிலில் கபூலுக்கு வந்து, வியாழன் பகலில் அடக்கமானது. அதற்குள் அந்த வார இதழ் அச்சேறியிருந்தது. எனவே டிசம்பர் 1 இதழில் ஒன்றும் இல்லை. டிசம்பர் 8 இதழிலும் முதல் பக்கத்தில் இல்லை.

இருந்தது ஐந்தாம் பக்கத்தில். அந்நாளைய வார இதழ்களுக்கு ஒவ்வொரு சிற்றூரிலிருந்தும் ஒருவர் கடிதம் எழுதுவார்: யார் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தார்கள், யார் வீட்டில் பன்றி அறுத்தார்கள், யாருக்குக் காய்ச்சல். அப்படி ஒரு கடிதத்தில், கோழி முட்டை விலைக்கும் ஒரு பாலத்துப் பலகை பழுதானதற்கும் நடுவே, நான்கு வரி. கணவர் பெயரோடு மிசஸ் இன்னார், கடந்த வாரம் செவ்வாய்க்கிழமை மவுன்ட் வெர்னனில் காலமானார். உடல் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. சாலையில் சேறு மிகுந்திருந்தும் திரளானோர் வந்தனர். கணவரையும் ஒரு சிறிய மகளையும் விட்டுச் சென்றிருக்கிறார்.

ஒரு சிறிய மகள். என் மாமியாருக்கு ஓர் அத்தை மகள் இருந்திருக்கிறாள். அந்த வரியைத் திரையில் பெரிதாக்கி அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

20 மார்ச் 2023

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. செய்தித்தாளில் இல்லை என்பதால் மனிதர் மதிக்கப்படவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்; 1918 அக்டோபர், நவம்பரில் இன்ஃபுளுவென்சா பரவியபோது வீட்டுக்கு வீடு மரணம் நிகழ, இதழ்களில் பெயர்ப்பட்டியலுக்கு மேல் எழுத இடமில்லை. ஆனால் இன்னொரு வகை விடுபடலும் உண்டு. கறுப்பினத்தவரின் மரணங்களை வெள்ளையர் நடத்திய ஊர்ப்புற இதழ்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவே இல்லை. வெளியிட்டபோதும் நிறத்தைச் சொல்லி ஒற்றை வரியில் முடித்தன. அவர்களைத் தேடுகிறவர்களுக்குச் சான்றிதழும், தேவாலய ஏடுகளும், செயின்ட் லூயிசிலும் கன்சாஸ் சிட்டியிலும் கறுப்பினத்தவரே நடத்திய இதழ்களும்தான் துணை. பத்திரிகை ஆசிரியர் பொருட்படுத்தாதவரையும் சான்றிதழ்ப் படிவம் பதிந்தாக வேண்டியிருந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே 1910-ஐ ஊர்ப்புற வரலாற்றின் பெரிய ஆண்டாக நான் கருதுகிறேன்.

8 ஏப்ரல் 2023

கல்லறைப் படங்களைத் தொகுக்கும் ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் அத்தையின் இறந்த ஆண்டு 1921 என்று இருப்பதாக ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். நானும் பார்த்தேன், கணவரின் குடும்பப்பெயரில் இருந்ததால் முன்பு எங்கள் கண்ணில் படவில்லை. 1921 என்றால் அவர் பதினெட்டு வயதில் இறந்திருக்க வேண்டும். சான்றிதழும் செய்தித்தாளும் தவறாக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஆறு ஆண்டு தவற வாய்ப்பில்லை. ஆனால் கல்லை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்தத் தளத்தில் விவரங்களைத் தொகுத்துத் தருபவர்கள் தன்னார்வலர்கள். வெயிலில் புல்லுக்குள் நின்று ஒரு நாளில் நூறு கல்லைப் படம் எடுப்பவர்களிடம் ஓர் எழுத்துப் பிழைக்காகக் கோபிக்க எனக்கு உரிமையில்லை.

22 மே 2023

நேற்று அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஆண்டு அலங்கார நாள். ஓசார்க்கில் மே மாதத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு ஞாயிறு குறித்து, குடும்பங்கள் கூடிப் புல் வெட்டி, பூ வைத்து, மரத்தடியில் சேர்ந்து சாப்பிடுவார்கள். பழைய கல்லறைகளைத் தேடுகிறவர்கள் அந்த நாளில்தான் போக வேண்டும். எந்த வேலிக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டில் அன்று ஒரு நாள்தான் அங்கே கூடுகிறார்கள்.

கல்லின் முகம் வடக்கு நோக்கியிருந்தது. பாசி படர்ந்து எழுத்து மங்கியிருந்தது. மாவு தூவுவது, சவர நுரை பூசுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது எல்லாம் கல்லைக் கெடுக்கும், செய்யவே செய்யாதீர்கள். வீட்டுக் குளியலறையில் இருந்த நீளமான கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தோம். என் கணவர் அதைப் பத்தடி தள்ளி வெயிலில் பிடித்து, ஒளிக்கற்றை கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி மெல்லத் திருப்பினார். எழுத்தின் பள்ளங்களில் நிழல் இறங்கியது. கடைசி எண்ணின் தண்டு மட்டுமே தெரிந்துகொண்டிருந்த இடத்தில், தலைப்பகுதியில் இடப்பக்கமாக ஒரு குறுக்குக் கோடு எழுந்தது. ஏழு. 1927.

மாமியார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இன்னும் சற்று நேரம் அப்படியே பிடிக்கச் சொன்னார்.

25 மே 2023

அந்தப் பதிவைச் செய்த தன்னார்வலருக்குக் கண்ணாடி ஒளியில் எடுத்த படத்தையும் சான்றிதழின் இணைப்பையும் அனுப்பினேன். இரண்டு நாளில் திருத்திவிட்டார். அதே வரிசையில் தாம் படித்த வேறு மூன்று கல்லையும் மறுபடி போய்ப் பார்ப்பதாக எழுதியிருக்கிறார்.

11 ஜூன் 2023

அந்தச் சிறிய மகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். 1930 கணக்கெடுப்பில், ஹாவல் கவுண்டியில், தந்தைவழிப் பாட்டி வீட்டில் ஐந்து வயதுப் பெண்ணாக இருக்கிறாள். 1940-இலும் அதே வீடு, வயது பதினைந்து. கடந்த ஆண்டு வெளியான 1950 கணக்கெடுப்பில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. மணமாகிப் பெயர் மாறியிருக்க வேண்டும். உயிரோடு இருந்தால் இப்போது தொண்ணூற்று எட்டு வயது. ஆகவே பெயரை இங்கே எழுத மாட்டேன்.

சமூகப் பாதுகாப்புத் துறையின் இறப்புப் பட்டியலைப் பார்க்கச் சிலர் சொன்னீர்கள். அது பெரும்பாலும் 1962-க்குப் பின் இறந்தவர்களுக்கே உதவும். மணப்பெயர் தெரியாமல் அதற்குள் இறங்கினால் பெயரும் பிறந்த ஆண்டும் பொருந்தும் பெண்கள் பக்கம் பக்கமாக வருவார்கள். அதற்கு முன் மணப்பதிவு வேண்டும். அதை வைத்திருப்பவர் கவுண்டியின் பத்திரப் பதிவாளர். வரும் செவ்வாய்க்கிழமை ஹாவல் கவுண்டியின் தலைநகரான வெஸ்ட் பிளெயின்ஸ் போகிறோம். 1941 முதல் 1950 வரையிலான ஏடுகளைப் பார்க்கக் கேட்டிருக்கிறோம். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் தாமும் வருவதாக மாமியார் சொல்லிவிட்டார். பெயர்களை நான் வாசிக்க வேண்டும், அவர் கேட்டுக்கொண்டே வருவாராம்.